"வீட்டுக்குப் போகணும்" என்று அழும் பாட்டி

மறதி நோய் வந்த முதியோரை வைத்துக் காப்பாற்றும் குடும்பங்கள் படும் பாடு

சாயங்காலம் மணி ஆறு.

ஆய்க்குடியில் விளக்கு வைக்கிற நேரம். மேற்கே குற்றால மலையில் மேகம் இறங்கி விட்டது. தெருவில் இருட்டுக் கட்டுகிறது.

திண்ணையில் இருந்த கிழவி எழுந்து நிற்கிறாள். இரண்டு பழைய சேலைகளை மூட்டையாகக் கட்டிக் கக்கத்தில் இடுக்கிக் கொள்கிறாள். வாசல் படியில் கால் வைக்கிறாள்.

"நான் வீட்டுக்குப் போகணும். எங்க அம்மா தேடுவா."

மருமகள் மடியில் இருந்த பீடிச் சுளகை இறக்கி வைத்து விட்டு ஓடி வருகிறாள்.

"இதுதானே அத்தை உங்க வீடு! எங்கே போகப் போறீங்க?"

"நீ யாரு? என்னை ஏன் மறிக்கே?"

கிழவிக்கு வயது 81. அவளுடைய தாய் இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. இந்த வீட்டுக்குக் கிழவி மருமகளாக வந்து அறுபது வருஷம் ஆகிறது.

மருமகள் கையைப் பிடித்து இழுக்கிறாள். கிழவி கையை ஓங்குகிறாள். கன்னத்தில் அடி விழுகிறது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறக்கிறது.

"ஐயோ, என்னைக் கொல்லுதாளே! இன்னைக்கு ஒரு வாய் சோறு போடலியே!" என்று கிழவி கத்துகிறாள்.

அவள் சாப்பிட்டு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை.

இது ஒரு குறிப்பிட்ட வீட்டின் கதை அல்ல. பல வீடுகளில் நடப்பதை ஒரே வீட்டில் நடப்பதாக வைத்துச் சொல்வது. இந்த வீடு ஆய்க்குடியில் இருக்கலாம். அம்பாசமுத்திரத்தில் இருக்கலாம். உங்கள் தெருவிலேயே இருக்கலாம்.

88 லட்சம் பேர்!

இந்த நோய்க்கு டாக்டர்கள் "டிமென்ஷியா" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் மறதி நோய் என்று சொல்கிறோம்.

இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 88 லட்சம் பேருக்கு இந்த நோய் இருக்கிறது என்று 2023-ம் ஆண்டில் வெளியான ஒரு பெரிய ஆய்வு மதிப்பிட்டது. அதாவது, 100 முதியவர்களை வரிசையாக நிறுத்தினால் அவர்களில் 7 பேருக்கு மேல் மறதி நோய்க்காரர்கள். ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். நகரத்தைவிடக் கிராமத்தில் அதிகம்.

தமிழ்நாட்டில் முதியவர்கள் பெருகி வருகிறார்கள். 2021-ல் 100 பேருக்குச் சுமார் 14 பேர் 60 வயதைத் தாண்டியவர்களாக இருப்பார்கள் என்று அரசாங்கக் கணிப்பு கூறியது. 2031-ல் இது 18 ஆகும் என்றும் அதே கணிப்பு கூறுகிறது. ஆயுள் கூடுவது நல்ல செய்திதான். ஆனால் ஆயுளோடு சேர்ந்து இந்த நோயும் வருகிறது.

தென்காசிப் பக்கத்தில் பிள்ளைகள் பிழைப்புக்காகச் சென்னைக்குப் போகிறார்கள். திருப்பூருக்குப் போகிறார்கள். கடல் தாண்டியும் போகிறார்கள். வீட்டில் மிஞ்சுவது யார்? கிழவனும் கிழவியும், ஒரு மருமகளும். அல்லது கல்யாணமாகாத ஒரு மகள். அல்லது, எழுபத்தைந்து வயது மனைவியை எண்பது வயதுக் கணவன் ஒருவனே பார்த்துக் கொள்ளும் வீடு!

முதல் நோயாளி

வயதானால் எல்லோருக்கும் ஞாபகம் குறையும். கண்ணாடியை எங்கே வைத்தோம் என்று தேடுவது நோய் அல்ல. கண்ணாடியைக் கையில் வைத்துக் கொண்டு, "இது என்ன?" என்று கேட்டால் அது நோய்.

இந்த நோயில் மூளையின் அணுக்கள் கொஞ்சம் கொஞ்சமாக அழிகின்றன. மறதி நோயில் பல வகை உண்டு. அதிகமாகக் காணப்படுவது "அல்ஜைமர்" என்ற வகை. அது ஒரு ஜெர்மன் டாக்டரின் பெயர்.

1901-ல் பிராங்க்பர்ட் நகர ஆஸ்பத்திரிக்கு ஆகஸ்டே என்ற பெண்ணைக் கொண்டு வந்தார்கள். அவளுக்கு வயது 51. அவளுடைய வீட்டாரை முதலில் கலங்க வைத்தது மறதி அல்ல. அவள் புருஷன் மேல் சந்தேகப்பட்டாள்! பிறகு சாமான்களை ஒளித்து வைத்தாள். காரணம் இல்லாமல் கூச்சல் போட்டாள். டாக்டர் அல்ஜைமர் அவளைக் கவனித்துக் குறிப்பு எழுதி வைத்தார். 1906-ல் அவள் இறந்தாள். மூளையைச் சோதித்துப் பார்த்து, இது வெறும் கிறுக்கு அல்ல, மூளையில் ஏற்பட்ட நோய் என்று அதே ஆண்டு நவம்பரில் டாக்டர்கள் கூட்டத்தில் அவர் சொன்னார்.

நூற்றிருபது வருஷம் ஆகப் போகிறது. இன்றைக்கும் நம் தெருக்களில், "கிழவிக்குக் கொழுப்பு" என்றுதான் பேச்சு.

பழசு நிற்கும்; புதுசு போகும்

இந்த நோய் ஞாபகத்தைப் பின்னால் இருந்து தின்று கொண்டு வருகிறது. இன்று காலை நடந்தது முதலில் போகும். பத்து வருஷத்துக்கு முன் நடந்தது பிறகு போகும். சின்ன வயதுச் சங்கதி கடைசி வரையில் நிற்கும்.

நாம் சொன்ன கிழவி செங்கோட்டையில் பிறந்தவள் என்று வைத்துக் கொள்ளுங்கள். செங்கோட்டை வட்டாரம் அந்தக் காலத்தில் திருவாங்கூரைச் சேர்ந்தது. 1956 நவம்பர் 1-ந் தேதிதான் அது சென்னை ராஜ்யத்தோடு இணைந்தது. அப்போது அவள் பாவாடை கட்டிய சிறுமி. இன்று சாயங்காலம் ஆறு மணிக்கு அவள் மனம் அந்த நாளில் நிற்கிறது. அந்தச் சிறுமிக்கு இந்த வீடு அன்னியர் வீடு. இந்த மருமகள் யாரோ ஒரு பொம்பளை. பொழுது சாய்கிறது. அம்மா தேடுவாளே என்று பயப்படுகிறாள்.

இப்படிப் பார்த்தால், அவள் அழுவதில் ஒரு நியாயம் இருக்கிறது அல்லவா?

"அம்மா செத்து நாற்பது வருஷம் ஆச்சு" என்று மருமகள் உண்மையைச் சொல்கிறாள். கிழவிக்கோ அது புதுச் செய்தி. தலையில் அடித்துக் கொண்டு அழுகிறாள். அரை மணியில் மறந்து விடுகிறாள். மறுநாள் அதே கேள்வி, அதே பதில், அதே ஒப்பாரி. தினமும் ஒரு சாவு வீடு!

அப்படியானால் பொய் சொல்வதா? "அம்மா இப்போ வந்துருவா" என்று ஏமாற்றலாமா? சில குடும்பத்தாருக்கு இது உறுத்துகிறது. பெற்றவளிடம் பொய் சொல்வது பாவம் என்று நினைக்கிறார்கள்.

பொய்யும் வேண்டாம், வழக்காடவும் வேண்டாம். நடுவில் ஒரு வழி இருக்கிறது. "உங்க அம்மாவைப் பத்திச் சொல்லுங்க அத்தை. அவங்க என்ன குழம்பு வைப்பாங்க?" என்று கேட்கலாம். கிழவிக்கு வேண்டியது அம்மாவைப் பற்றிய பேச்சு. பேசப் பேச, வாசல் படியில் வைத்த கால் பின்னால் வரும். மூட்டையைக் கீழே வைப்பாள். ஒவ்வொரு நாளும் இது பலிக்கும் என்று சொல்ல முடியாது. பல நாள் பலிக்கும்.

மகன் பேரை மறந்தவளுக்கு ஆய்க்குடி முருகன் கோயில் மறப்பதில்லை. அனுமன் ஆற்றுப் படிக்கட்டில் பாயசம் ஊற்றிக் குழந்தைகளுக்குக் கொடுக்கிற படிப்பாயசம் மறப்பதில்லை. அந்தப் பேச்சை எடுத்தால் முகம் மலரும்.

திருட்டுப் பட்டம்

மருமகள்களை அதிகமாக அழ வைப்பது எது? அடி அல்ல. பழி!

"என் சங்கிலியை எடுத்துட்டா. பென்ஷன் பணத்தை எடுத்துட்டா."

சங்கிலியைக் கிழவியே எடுத்து ஒளித்து வைத்திருப்பாள். திருட்டுப் போய் விடுமோ என்ற பயத்தில் அரிசிப் பானையில் போட்டிருப்பாள். தலையணைக்குள் வைத்திருப்பாள். வைத்தது மறந்து போகும். சங்கிலி இல்லை என்பது மட்டும் தெரியும். சங்கிலி தானாக நடந்து போகுமா? யாரோ எடுத்திருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவள் யார்? மருமகள்! கெட்டுப் போன மூளையும் இப்படிக் கணக்குப் போடுகிறது. கூட இருந்து பீயும் மூத்திரமும் அள்ளுகிறவள்தான் பெரும்பாலும் திருடி ஆகிறாள். வருஷத்துக்கு ஒரு தடவை வருகிற மகள், தங்கமான மகள்!

"நான் எடுக்கவில்லை" என்று சத்தியம் செய்வதால் பயன் இல்லை. "காணோமா? வாங்க, சேர்ந்து தேடுவோம்" என்று சொல்ல வேண்டும். தேடும்போது நாம் முதலில் எடுத்துக் கொடுத்தால், "பார், நீதானே வைத்திருந்தாய்!" என்று சொல்லக்கூடும். ஆகவே அவள் கைக்கே அது கிடைக்கும்படி விட வேண்டும். அவள் ஒளித்து வைக்கும் இடங்கள் மூன்று நான்குதான் இருக்கும். அவற்றைத் தெரிந்து வைத்துக் கொள்ள வேண்டும். நிஜச் சங்கிலியைப் பத்திரமாக எடுத்து வைத்து விட்டு, அதே மாதிரி கவரிங் சங்கிலியைப் போட்டு விடும் குடும்பங்களும் உண்டு. அதை நாலு பேருக்குத் தெரியும்படி செய்வது நல்லது. பின்னால் பேச்சு வராது.

சோறு போடவில்லை என்ற பழியும் இப்படித்தான். சாப்பிட்டது ஞாபகத்தில் இல்லை. கழுவாத தட்டைக் கொஞ்ச நேரம் கண் முன்னே வைத்திருந்தால் சில பேர் சமாதானம் ஆவார்கள். ஒரே வேளையில் போடுவதைப் பிரித்து, இரண்டு மூன்று தடவையாகக் கொடுப்பதும் உண்டு. பக்கத்து வீட்டாரிடம் நோயைப் பற்றி முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். இதில் வெட்கப்பட்டால், ஊர்ப் பஞ்சாயத்தில் மருமகள் நிற்க வேண்டி வரும்.

குளிக்க மாட்டேன்!

வாரம் ஒரு தடவை குளிக்க வைப்பதற்குள் யுத்தமே நடக்கிற வீடுகள் உண்டு.

அவள் ஏன் மறுக்கிறாள்? அவள் பக்கத்தில் இருந்து பாருங்கள். யாரென்று தெரியாத ஒருத்தி வந்து சேலையை உருவுகிறாள். தலையில் திடீர் என்று குளிர்ந்த தண்ணீரைக் கொட்டுகிறாள். தரை வழுக்குகிறது. யாராக இருந்தாலும் அடிக்கத்தான் செய்வார்கள்!

தண்ணீர் வெதுவெதுப்பாக இருக்கட்டும். தலையில் ஊற்றாமல் முதலில் பாதத்தில் ஊற்றுங்கள். தோளில் ஒரு துண்டைப் போர்த்தியபடியே குளிப்பாட்டலாம். செம்பை அவள் கையிலேயே கொடுத்து விடலாம். அவள் எந்த நேரத்தில் சாந்தமாக இருக்கிறாளோ, அந்த நேரத்தில் குளிப்பாட்ட வேண்டும். அது காலை ஆறு மணியாகவும் இருக்கலாம், மத்தியானம் இரண்டு மணியாகவும் இருக்கலாம். இன்று முடியவில்லையா? ஈரத் துணியால் துடைத்து விடுங்கள். ஒரு நாள் குளிக்காததால் யாரும் செத்துப் போவதில்லை. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு ஒடிந்தால்தான் ஆபத்து.

விளக்கை முன்னதாகப் போடுங்கள்

பொழுது சாயும் நேரத்தில் மறதி நோய்க்காரர்களுக்குப் படபடப்பு கூடுகிறது. உலகம் முழுவதும் இதைக் கவனித்திருக்கிறார்கள். பகல் முழுவதும் புரியாத உலகத்தோடு மல்லாடி மூளை களைத்துப் போகிறது. மங்கிய வெளிச்சத்தில் கொடியில் தொங்கும் சட்டை ஆள் மாதிரி தெரிகிறது. கண்ணாடியில் தெரியும் தன் முகமே வேறு யாரோ கிழவி போல் தெரிகிறது. குற்றாலச் சாரல் காலத்தில் நாலு மணிக்கே வானம் மூடிக் கொள்ளும். அப்போது தொல்லை சீக்கிரமே தொடங்கும்.

இருட்டுவதற்கு முன்பே விளக்கைப் போட்டு விட வேண்டும். கண்ணாடியைத் துணியால் மூடலாம். சாயங்காலம் காப்பி வேண்டாம். பகல் தூக்கத்தைக் குறைத்து, கையில் ஏதாவது வேலை கொடுக்க வேண்டும்.

என்ன வேலை? பழகிய வேலை. நாற்பது வருஷம் பீடி சுற்றிய கைக்குச் சும்மா இருக்கத் தெரியாது. கழித்துப் போட்ட இலையைக் கொடுத்தால் அடுக்கி அடுக்கி வைப்பாள். கத்தரிக்கோல் மட்டும் கொடுக்கக் கூடாது. புகையிலைத் தூளும் வேண்டாம். வயல் வேலை செய்தவருக்குக் கடலையை உரிக்கக் கொடுக்கலாம். அவர் உரித்தது சரியாக இல்லை என்று யாரும் சொல்லக் கூடாது.

வெளியே கிளம்பிப் போய் விடுவார்கள் என்ற பயம் எல்லா வீட்டிலும் இருக்கிறது. நியாயமான பயம். ஆறு இருக்கிறது, குளம் இருக்கிறது, பஸ் ரோடு இருக்கிறது. வீட்டுப் போன் நம்பரை ஒரு துணியில் எழுதி ரவிக்கையிலோ சட்டையிலோ தைத்து வையுங்கள். சமீபத்தில் எடுத்த போட்டோ ஒன்று கையில் இருக்கட்டும். டீக்கடைக்காரரிடமும் ஆட்டோ ஸ்டாண்டிலும் சொல்லி வையுங்கள். கதவின் தாழ்ப்பாளை வழக்கமான இடத்தில் இல்லாமல் மேலேயோ கீழேயோ வைத்தால், அவர்களுக்குத் தேடத் தெரிவதில்லை. ஆனால் வீட்டில் யாரும் இல்லாதபோது பூட்டி விட்டுப் போவது பெரும் ஆபத்து. அடுப்பு இருக்கிறதே!

திடீர் என்று மாறினால்...

இதைக் கவனமாகப் படியுங்கள்.

மறதி நோய் மெதுவாக வளரும். மாதக் கணக்கில், வருஷக் கணக்கில் வளரும். நேற்று வரையில் ஓரளவு நன்றாக இருந்தவர் இன்று திடீர் என்று வெறி பிடித்தவர் போல ஆனாலும், மயங்கி மயங்கிக் கிடந்தாலும், அது மறதி நோயின் வேலை என்று விட்டு விடக் கூடாது. மூத்திரத்தில் கிருமி சேர்ந்திருக்கலாம். மலச்சிக்கலாக இருக்கலாம். உடம்பில் நீர் வற்றியிருக்கலாம். பல்வலி, காதுவலி, விழுந்த அடி, புதிதாக ஆரம்பித்த மாத்திரை, எதுவாகவும் இருக்கலாம். வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதனால் அடிக்கிறார். உடனே டாக்டரிடம் கொண்டு போக வேண்டும்.

இன்னொன்று. மறதி எல்லாமே இந்த நோய் அல்ல. தைராய்டு குறைவு, பி-12 வைட்டமின் குறைவு, மனச்சோர்வு, விழுந்து அடிபட்டதால் மூளைக்கு மேலே கட்டிய ரத்தம், இவற்றாலும் புத்தி மங்கும். இவற்றுக்கு வைத்தியம் உண்டு. ஆகவே முதலில் தென்காசி அரசு தலைமை ஆஸ்பத்திரியிலோ, நெல்லை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியிலோ காட்டிச் சோதனை செய்து கொள்வது அவசியம். அல்ஜைமரை அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்னும் வரவில்லை. சில பேருக்குக் கொஞ்ச காலம் நிதானத்தைக் கொடுக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

தூக்க மாத்திரையும் கயிறும்

இரவு இரண்டு மணிக்கு எழுந்து கதவைத் தட்டுகிற கிழவரை என்ன செய்வது? மருந்துக் கடையில் போய், "தூங்குவதற்கு ஏதாவது கொடுங்க" என்று வாங்கி வருகிறார்கள். பக்கத்து வீட்டுக்காரருக்குக் கொடுத்த சீட்டைக் காட்டியும் வாங்கி வருகிறார்கள்.

இது விளையாட்டு அல்ல. வெறியை அடக்குவதற்கான மனநோய் மாத்திரைகள் மறதி நோய் வந்த முதியோருக்குச் சாவு அபாயத்தை அதிகப்படுத்துகின்றன என்று அமெரிக்க அரசாங்கத்தின் மருந்து இலாகா 2005-லேயே எச்சரித்தது. தூக்க மாத்திரை சாப்பிட்டவர் தள்ளாடி விழுவார். சில நேரத்தில் டாக்டரே இப்படி ஒரு மாத்திரை கொடுக்க வேண்டி வரும். குறைந்த அளவில், குறைந்த நாளுக்கு, தன் கண்காணிப்பில் கொடுப்பார். அது வேறு.

கட்டிலில் கட்டிப் போடுகிறவர்களும் உண்டு. கட்டினால் வெறி கூடும். மணிக்கட்டில் புண் வரும். ஆனால் கட்டிய மருமகளை ராட்சசி என்று சொல்லி விட்டு நாம் ஒதுங்கி விடலாமா? அவள் தூங்கி எத்தனை நாள் ஆயிற்று என்று கேட்க ஆள் இல்லை. ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஒவ்வொரு தடவை அவள் சுளகை இறக்கி வைத்து விட்டு ஓடும்போதும் கூலி குறைகிறது. ஒரு நாள் அவளும் கை நீட்டி விடுகிறாள். பிறகு அடுப்பங்கரையில் உட்கார்ந்து அழுகிறாள்.

பெற்றோரையும் முதியோரையும் கைவிடுகிறவர்களுக்கு மூன்று மாதம் வரையில் சிறை என்று 2007-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம். ஆனால், கைவிடாமல் காப்பாற்றுகிறவளுக்கு ஒரு ராத்திரித் தூக்கம் கொடுக்க எந்தச் சட்டத்திலும் பிரிவு இல்லை! 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியல் போட்டார்கள். அதிலும் மறதி நோயின் பெயர் இல்லை.

மலைக்கு அந்தப் பக்கம்

ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் கேரளா. இந்த நோய்க்காக அங்கே வெகு நாளாக வேலை நடக்கிறது. 1992-ல் டாக்டர் ஜேக்கப் ராய் முயற்சியில் இதற்கென்று ஒரு சங்கமே அங்கே தொடங்கப்பட்டது.

திருச்சூர்ப் பக்கம் டாக்டர் ஷாஜியும் அவரைச் சேர்ந்தவர்களும் நோயாளிகளைப் பார்த்துக் கொள்கிறவர்களிடம் விரிவாகப் பேசினார்கள். 2003-ல் அதை வெளியிட்டார்கள். பார்த்துக் கொள்கிறவர்களில் பெரும்பாலோர் இளம் வயதுப் பெண்கள். பலர் மருமகள்கள். நோயின் குணங்களை அவர்கள், "வேண்டுமென்றே செய்கிற சேட்டை" என்று நினைத்திருந்தார்கள். அவர்களுடைய மனமும் கெட்டுப் போயிருந்தது.

அடுத்து கோவாவில் ஒரு சோதனை நடந்தது. இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். மறதி நோயாளிகள் உள்ள 81 குடும்பங்களை எடுத்துக் கொண்டார்கள். பாதிக் குடும்பங்களுக்கு ஆறு மாதம் ஆள் அனுப்பினார்கள். அனுப்பியது டாக்டரை அல்ல, நர்சையும் அல்ல. ஓரளவு படித்த, அந்தப் பக்கத்து மனிதர்களுக்கே பயிற்சி கொடுத்து அனுப்பினார்கள். அவர்கள் வீட்டுக்குப் போனார்கள். நோய் என்ன என்று விளக்கினார்கள். குளிக்க மறுத்தால் என்ன செய்வது, பழி போட்டால் என்ன சொல்வது என்று சொல்லிக் கொடுத்தார்கள். பார்த்துக் கொள்கிறவளின் கஷ்டத்தையும் உட்கார்ந்து கேட்டார்கள். தேவைப்பட்டபோது டாக்டரிடம் அனுப்பினார்கள்.

2008-ல் முடிவு வெளியானது. நோயாளியின் தொல்லைகள் அடியோடு மாறி விடவில்லை. கொஞ்சம் குறைந்தது போல் தெரிந்தது. உறுதியாகச் சொல்லும் அளவுக்கு இல்லை. ஆனால் பார்த்துக் கொள்கிறவர்களின் மன வேதனை நன்றாகக் குறைந்திருந்தது! கிழவி அதே கிழவிதான். மருமகளால் தாங்க முடிந்தது.

ஆய்க்குடிக்குத் தெரிந்த வேலை

இந்த முறை ஆய்க்குடிக்குப் புதிது அல்ல.

1975-ல் கடற்படை அதிகாரி வேலைக்கான தேர்வில் ராமகிருஷ்ணன் என்ற வாலிபர் விழுந்து முதுகுத் தண்டில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே உடம்பு செயல் இழந்தது. அவர் 1981-ல் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தனக்கு வைத்தியம் பார்த்த ராணுவ டாக்டர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரையே அதற்கு வைத்தார். 2020-ல் ராமகிருஷ்ணனுக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்காக அந்தச் சங்கம் செய்த ஒரு வேலை இங்கே கவனிக்கத் தக்கது. கிராமத்துப் பெண்களுக்குப் பயிற்சி கொடுத்து வீடு வீடாக அனுப்பினார்கள். அவர்கள் குழந்தையின் தாய்க்குப் பயிற்சி கொடுத்தார்கள். தாயே தன் குழந்தைக்கு வைத்தியக்காரி ஆனாள்.

குழந்தைக்குச் செய்த அதே காரியம்தான் கிழவிக்கும் வேண்டும். ஒருத்தி வீட்டுக்கு வர வேண்டும். மருமகளோடு உட்கார வேண்டும்.

அரசாங்கத்தின் ஆளும் ஏற்கெனவே வாசல் வரையில் வருகிறார். 2021 ஆகஸ்டில் தமிழக அரசு "மக்களைத் தேடி மருத்துவம்" என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் பணியாளர்கள் ரத்தக் கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு போய் வீட்டிலேயே கொடுக்கிறார்கள். அந்த வாசலில் இன்னும் இரண்டு கேள்வி கேட்டால் என்ன? "பாட்டிக்கு ஞாபகம் எப்படி இருக்கு?" என்பது ஒன்று. "நீ தூங்குகிறாயா அம்மா?" என்பது மற்றொன்று. கோவாவில் ஆள் அனுப்பியது போல அவர்களுக்கும் பயிற்சி கொடுத்தால், புதிய கட்டிடம் கூட வேண்டியது இல்லை. சம்பளத்தை உயர்த்தாமல் வேலையை மட்டும் ஏற்றினால் அது நடக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அது வரையில் டெலிபோன் இருக்கிறது. முதியோர் உதவிக்கு 14567. மன வேதனைக்கு 14416. இதில் இரவிலும் பேசலாம், தமிழிலேயே பேசலாம். நோயாளிக்காக மட்டும் அல்ல. பார்த்துக் கொள்கிறவர் தனக்காகவும் பேசலாம்.

மூத்த மகன் வந்தான்

மீண்டும் அந்த வீட்டுக்கு வருவோம்.

சென்னையில் இருந்து மூத்த மகன் வருகிறான். ஆப்பிள் வாங்கி வருகிறான். அன்று கிழவி அதிசயமாகத் தெளிவாக இருக்கிறாள். விருந்தாளி வந்தால் இரண்டு மணி நேரம் இப்படித் தேறி நிற்பது இந்த நோயில் உண்டு. "அம்மா நல்லாத்தானே இருக்கா? ஏன் இளைச்சுப் போயிட்டா? சரியாக் கவனிக்கலையா?" என்று அவன் தம்பி மனைவியைக் கேட்கிறான்.

அவள் பதில் சொல்லவில்லை. தம்பிதான் சொன்னான்:

"அண்ணே, இன்னைக்கு ராத்திரி நீங்க அம்மா பக்கத்துல படுங்க. இவ அவங்க அம்மா வீட்டுக்குப் போய்த் தூங்கிட்டு வரட்டும்."

அண்ணன் சரி என்றான். மருமகள் ஒரு பையில் மாற்றுச் சேலையை எடுத்துக் கொண்டு கிளம்பினாள். போகும்போது மாத்திரை இருக்கும் இடத்தையும், தாழ்ப்பாள் இருக்கும் இடத்தையும் சொல்லி விட்டுப் போனாள்.

பன்னிரண்டு மணிக்குக் கிழவி எழுந்தாள். கக்கூசுக்கு அழைத்துப் போய்ப் படுக்க வைத்தான். ஒரு மணிக்கு எழுந்தாள். இரண்டு மணிக்கு எழுந்தாள். மூன்று மணிக்கு மூட்டையோடு கதவருகே நின்றாள். அவன் விளக்கைப் போட்டான்.

"நீங்க யாரு ஐயா? இந்த வீட்டு ஆளா?" என்று பெற்ற மகனைப் பார்த்துக் கேட்டாள்.

அவனுக்குத் தொண்டை அடைத்தது. கொஞ்ச நேரம் நின்றான். பிறகு, "உக்காருங்கம்மா, காப்பி போடுதேன்" என்று சொல்லி அடுப்படிக்குப் போய்ச் சர்க்கரை டப்பாவைத் தேட ஆரம்பித்தான்.